மனிதக் குரல் நீக்கப்பட்டது

அலுவலகத்தில் அவளுக்குக் காது என்று பெயர். முதலில் பாம்புக்காது என்றுதான் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் தேய்ந்து தேய்ந்து வெறும் காதாகிவிட்டது. "காது வந்தாச்சா?" "காது இன்னைக்கு லீவு." "இதக் காதுகிட்டக் குடுத்துடு." வெளியாள் யாராவது கேட்டால் ஏதோ வைத்தியசாலை என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. நாற்பத்தாறு வயதில், கல்யாணம் காட்சி என்று எதுவும் பார்க்காத ஒருத்தியை ஊரார் என்னென்னவோ பேசுவார்கள். அதற்குக் காது எவ்வளவோ மேல்.

அவளுடைய வேலை திமிங்கலம் பேசுவதைக் கேட்பது. இதைச் சொன்னால் அண்ணி இன்றைக்கும் சிரிப்பாள். ஆனால் மாதா மாதம் சம்பளம் தருகிறார்கள், ஆகவே வேலைதான். ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு துறைமுகம். அங்கிருந்து வாரம் ஒரு முறை ஒரு சிறு படகு குளிர்ந்த கடலுக்குள் போய், நீளக் கம்பியில் கட்டிய மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, கேட்டதையெல்லாம் பதிவு செய்து அனுப்பும். இவள் நான்காவது மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, ஹெட்போன் என்கிற காதுமாட்டியை மாட்டிக்கொண்டு, எந்தச் சத்தம் எதற்கு என்று பிரிப்பாள். அவள் கையெழுத்திட்டு அன்றைக்கே ஸ்கேன் செய்து துறைமுகத்துக்கு அனுப்பும் கேட்புத்தாளில் நான்கு கட்டங்கள் உண்டு: இரை, இணை, தாய்–குட்டி, தெரியாது.

இரைக் கூப்பாடு அவளுக்கு அத்துப்படி. ஒரே சுருதியில் நீளமாகப் போய்க் கடைசியில் சட்டென்று மேலே ஏறும். கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைக்கும்போது ஒன்று கொடுக்கும் குரல் அது. மீன்கள் மிரண்டு ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும், குரல் நின்றதும் அத்தனை திமிங்கலங்களும் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றாக மேலே வரும். இணைக்கான குரல் வேறு. அது ஆணின் பாட்டு. தொலைவில், வெதுவெதுப்பான கடலில், பாடின வரியையே திரும்பத் திரும்ப மணிக்கணக்காகப் பாடும். பெண்ணைக் கூப்பிடுகிறதா, இன்னொரு ஆணை எட்டி நிற்கச் சொல்கிறதா, இரண்டுமா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தாயும் குட்டியும் பேசுவதைக் கேட்கத்தான் உண்மையிலேயே காது வேண்டும். குட்டி இருப்பது கூடாதவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, வீட்டில் ஆள் தூங்கும்போது பேசுவது போல அத்தனை தாழ்ந்த குரலில் முனகிக்கொள்ளும்.

ஆனால் எல்லாம் கட்டத்துக்குள் அடங்குமா? ஒவ்வொரு வருடமும் பருவம் முடியப்போகிற நேரத்தில், இரை தின்ன வந்த குளிர்ந்த கடலிலேயே ஒன்றிரண்டு ஆண்கள் பாட ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் இரைக் கூப்பாடு, ஒரு பக்கம் பாட்டு. போன வருடம் அவள் ஒரே தாளில் இரண்டு கட்டத்திலும் குறி போட்டதற்குத் தலைவர் அவளை அறைக்கே வந்து கேட்டார்.

"என்னம்மா இது? சாப்பிடுற இடத்துல பாட்டு எதுக்கு?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? பாடுது. கேட்டேன்."

"ஏதாவது ஒண்ணு போடும்மா. கம்ப்யூட்டர் ரெண்டு ஏத்துக்காது."

அவள் 'தெரியாது' என்று போட்டாள். கோபத்தில் போட்டதுதான்.

இனிப் படகுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவும் அவர் குரலில்தான் தொடங்கும். அது அந்த வேலையின் வழக்கம். மைக்கை இறக்குவதற்கு முன்னால் விரலால் மூன்று முறை தட்டி, எண், தேதி, காற்று, ஆழம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் இறக்க வேண்டும், பிற்பாடு எது எங்கே எடுத்தது என்று குழப்பம் வரக் கூடாதல்லவா? அவரை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன் கருவிப் பெட்டியை வாங்கிப் போக வந்திருந்தார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிய முதுகு மட்டும் நினைவிருக்கிறது. குரல்தான் அவளுக்குப் பழக்கம். அவசரமில்லாத குரல். "காத்து, தென்மேற்கு" என்று சொல்லிவிட்டு, அது சரிதானா என்று நிமிர்ந்து பார்ப்பவர் போலச் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தது எந்த வருடம் என்று அவளுக்கே தெரியாது.

போன பருவத் தொடக்கத்தில் ஒருநாள், ஒரு முறை கேட்டால் போதும் என்கிற அந்த ஆரம்பக் குரலை அவள் நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வாயாடி எட்டிப் பார்த்தாள். வாயாடி என்பது கம்ப்யூட்டர் பார்க்கும் பெண், இருபத்தைந்து வயது, பக்கத்து மேசை.

"என்னக்கா, அரை மணி நேரமா திமிங்கலமே வரலையா?"

காதுக்கு முகம் சிவந்துவிட்டது. திருட்டுத்தனம் பிடிபட்டது போல வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "இந்தப் பேச்சு ஒண்ணு, நேரத்தைத் தின்னுது. எஞ்சின் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் தானா வெட்டுற மாதிரி வச்சிருக்கேல்ல? மனுசக் குரலையும் அந்தப் பட்டியல்ல சேத்துடு. எண்ணு, இடமெல்லாம் இப்பத்தான் கருவியே எழுதிடுதே."

வாயாடி பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டாள். அடுத்த பயணத்திலிருந்து பதிவுகள் நேராகக் கடலில் தொடங்கின. அந்த வாரம் முழுவதும் அவளுக்கு ஒரு வாய்ச் சோறும் இறங்கவில்லை. ஆனால் போய் 'திருப்பி மாத்திடு' என்று எந்த முகத்தோடு சொல்வது? பிடிவாதத்துக்குப் பேர் போன குடும்பம் அவர்களுடையது. இரண்டு பருவம் ஓடிவிட்டது.

இந்த வியாழக்கிழமை வாயாடி வந்து கணினியில் இடம் நிறைந்துவிட்டது என்றாள். வெட்டிப்போட்டதெல்லாம் 'கழிவு' என்கிற கோப்புறையில் குவிந்து கிடக்கிறதாம், அதை அழித்தால்தான் நாளைக்கு வரும் கடைசிப் பதிவை ஏற்ற முடியுமாம். ஆரம்பத்திலிருந்து எண்ணினால் இருநூற்று எண்பத்து நான்காம் பயணம் அது. அதோடு இந்த வருடப் படகு முடிந்தது.

"அழிக்கறதுக்கு முன்னாடி பத்துக்கு ஒண்ணு கேட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். ரூலு. நீங்களே கேட்டுடுங்கக்கா, எனக்கு மழைச் சத்தம் கேட்டா தூக்கம் வருது."

காது பத்து மணிக்குக் கேட்க உட்கார்ந்தாள். மழை. எஞ்சின். கம்பி சுற்றும் உருளையின் கிறீச்சு. அடுத்து, டொக், டொக், டொக்.

"எண் இருநூத்தி இருபத்தி ஒண்ணு. காத்து, தென்மேற்கு." நிறுத்தம். "ஆழம் முப்பது மீட்டர். இனிமே இதெல்லாம் சொல்லத் தேவையில்லைன்னு கடிதம் வந்திருக்கு. ஆனா சொல்லாம மைக்கை இறக்கக் கை வரமாட்டேங்குது. நீங்க கேட்டுக்கிட்டிருப்பீங்கன்னே சொல்லிப் பழகிட்டேன். போன தாள்ல உங்க கையெழுத்து கோணலா இருந்துச்சு. உடம்பு சரியில்லையா? நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அவள் மாட்டியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். கையெழுத்து கோணிய அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். அண்ணி கூடக் கவனிக்கவில்லை.

பத்துக்கு ஒன்று என்ற விதியெல்லாம் காற்றில் பறந்தது. மனிதக் குரல் என்று வெட்டியதை மட்டும் தேடி எடுத்தாள். எழுபத்தொன்று இருந்தது. வரிசையாகக் கேட்டாள்.

"...ஆழம் இருபத்தஞ்சு. இன்னைக்கு அந்தத் தாயும் குட்டியும் படகுப் பக்கமே வந்துச்சுங்க. குட்டி நல்லா வளந்திருக்கு. நீங்க பாத்தா சந்தோசப்படுவீங்க. சாப்பிட்டீங்களா?"

"...அலை ஜாஸ்தி. மைக்கு ஆடும், மன்னிச்சுக்குங்க. காலைல நான் வச்ச கஞ்சி அடிப்பிடிச்சுப்போச்சு. வீட்டுக்காரி போயி ஒம்பது வருசம், இன்னும் எனக்கு அடுப்பு சொன்ன பேச்சு கேக்கல. நீங்க சாப்பிட்டீங்களா?"

"...தாள் வந்துச்சு. 'மனிதக் குரல் நீக்கப்பட்டது'ன்னு போட்டு, கீழ உங்க கையெழுத்து. புரியுது. ஆபீஸ் வழக்கம் அப்படி இருக்கும். கேட்டுட்டுத்தானே நீக்கியிருப்பீங்க? அதுவே போதும். சாப்பிட்டீங்களா?"

அவள் எழுந்து ஓடினாள். அலமாரியில் கேட்புத்தாள் நகல்கள் இருந்தன. ஒவ்வொரு வாரமும் அவள் கையெழுத்திட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பியவை. அவள் எப்போதும் நான்கு கட்டத்தை நிரப்பிவிட்டுக் கீழே கிறுக்கிவிடுவாள். நடுவில் கம்ப்யூட்டர் தானாக அடிக்கும் சிறிய வரியை யார் படித்தார்கள்? இப்போது படித்தாள். மனிதக் குரல்: நீக்கப்பட்டது. மனிதக் குரல்: நீக்கப்பட்டது. எழுபத்தோரு தாள், எழுபத்தொன்றிலும் அவள் கையெழுத்து. ஒரு மனுஷன் வாரா வாரம் சாப்பிட்டாயா என்று கேட்க, வாரா வாரம் நீக்கப்பட்டது என்று எழுதி ஒப்பம் போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்படி ஒரு கொடுமையை வேண்டுமென்று யோசித்தாலும் செய்ய முடியாது.

மதியம் ஒன்றரை ஆகியும் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. கடைசிக்கு ஐந்து வாரம் முந்தைய பதிவு வந்தது.

"...ஆழம் முப்பது. பாட்டு ஆரம்பிச்சிடுச்சுங்க, ஒரு ஆணு மட்டும் தனியா பாடிக்கிட்டிருக்கு. பருவம் முடியுது. அக்கா ஊர்ல ஒரு படகுத்துறைல வேலை இருக்காம், அங்கேயே வந்து இருந்துடுன்னு சொல்லுது. போயிடலாம்னு பாக்குறேன். இத்தனை நாள் தொந்தரவு பண்ணியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. பதில் இல்லாததும் ஒரு பதில்தான். அதைப் புரிஞ்சுக்க எனக்குத்தான் ரெண்டு வருசம் ஆச்சு. இனிமே நம்பர் மட்டும் சொல்றேன்."

அதற்குப் பிந்தைய நான்கிலும் எண், காற்று, ஆழம். அவ்வளவுதான். அந்த நிறுத்தம் கூட இல்லை.

காது அழுதாள். பஞ்சு ஒட்டிய அறை, வெளியே கேட்காது என்று தைரியமாகவே அழுதாள். வாயாடி உள்ளே வந்து, திரையைப் பார்த்து, தாள்களைப் பார்த்து, ஒரு மாட்டியை எடுத்துக் காதில் வைத்து ஒரே ஒரு பதிவைக் கேட்டாள். மாட்டியைக் கழற்றிச் சத்தம் வராமல் மேசையில் வைத்தாள்.

"அக்கா," என்றாள் பிறகு. "இது நான் எழுதின புரோகிராம்."

"வெட்டச் சொன்னது நான்டி."

"போன் பண்ணுங்கக்கா."

"கடல்ல பழகுன மனுசன். கரையில போனை எடுத்தா 'ஹலோ'வுக்கு மேல பேச்சு வராதுன்னு துறைமுகத்து ஸ்டோர்காரரே சொல்லியிருக்காரு. நான் மட்டும் என்ன, பெரிய பேச்சுக்காரியா? ரெண்டு பேரும் ஹலோ, ஹலோன்னு சொல்லிட்டு வச்சிடுவோம்."

"அப்ப அவரு பேசின வழியிலயே பேசுங்க. நாலு மணிக்கு நாளையப் பயணத்துக்கான சோதனை ஒலி அனுப்பணும்ல?"

காது நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் அலுவலகத்திலிருந்து ஒரு சோதனை ஒலி போகும். ஒரு நிமிடம் நீளும் ஒற்றைச் சுருதி. படகுக்காரர் கடலுக்குள் போனதும் முதலில் அதை மாட்டியில் முழுதாகக் கேட்டு, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மைக்கைத் தட்டுவார். அவர் ஒருவர்தான் கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார், ஏழு வருடத்தில் ஒரு தடவையும் விட்டதில்லை.

மூன்று மணிக்கு, அந்த ஒற்றைச் சுருதி முடிகிற இடத்தில் தன் குரலைச் சேர்க்க உட்கார்ந்தாள். முந்நூறு விதமான குரலை இது இதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் குரலை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் தடவை எண்ணையே தப்பாகச் சொன்னாள். இரண்டாம் தடவை மன்னிப்புக் கடிதம் வாசிப்பது போல வந்தது. மூன்றாம் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைவர் கதவைத் திறந்து, "ஏம்மா, அந்தக் கழிவை அழிச்சாச்சா?" என்றார்.

"அழிக்க மாட்டேன் சார்."

"இடம் இல்லேங்குறாங்களே."

"என் கம்ப்யூட்டர்ல இருக்குற எல்லாத்தையும் அழிச்சுக்குங்க. அதை அழிக்கக் கூடாது."

ஏழு வருடத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மணி மூன்று ஐம்பது. இனி யோசிக்க நேரமில்லை என்றானதும் மனசு தெளிந்துவிட்டது. மேசை மைக்கை விரலால் மூன்று முறை தட்டினாள்.

"எண் இருநூற்றி எண்பத்தி நாலு. இடம், நாலாவது மாடி. காத்து, மின்விசிறி, ரெண்டாம் நம்பர்." அவரைப் போலவே நிறுத்தினாள், வேண்டுமென்று இல்லை, மூச்சு வாங்கியது. "உங்க குரலை நான் கேட்டு நீக்கலைங்க. கேக்காமலே மெஷின் நீக்கிடுச்சு. நீக்கச் சொன்னதும் நான்தான். ஒரு தடவை கேக்க வேண்டியதை நாலு தடவை கேக்குறேனேன்னு வெக்கப்பட்டுக்கிட்டுச் சொன்னேன். இன்னைக்குத்தான் எழுபத்தொண்ணையும் ஒண்ணா கேட்டேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். இப்போ சரியாயிடுச்சு. நீங்க கேட்டதுக்குப் பதில், இன்னும் சாப்பிடலை. நீங்க சாப்பிட்டீங்களா?"

அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். அண்ணி பரிமாறியதை என்ன ஏதென்று பார்க்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "பேய் பிடிச்ச மாதிரி இருக்கே?" என்றாள் அண்ணி. "ஆமா," என்றாள் காது.

மறுநாள் படகு விடியலில் போய்ப் பகலில் திரும்பும். பதிவு வர மதியம் ஆகும். பன்னிரண்டு மணி வரை அவள் செய்த வேலை எதுவும் வேலையில் சேர்த்தி இல்லை. ஒருவேளை சோதனை ஒலியில் சுருதி சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டிருந்தால்? கடைசி நாள்தானே என்று கேட்காமலே விட்டிருந்தால்? கேட்டும், இவ்வளவு தாமதமாக வந்த பதில் எனக்கெதற்கு என்று நினைத்திருந்தால்? அப்படி நினைத்தாலும் அது நியாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதிவு வந்தது. வாயாடி வெட்டும் பட்டியலை நேற்றே நிறுத்தியிருந்தாள். இப்போது நாகரிகமாக, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று காலிக் குவளை கூட எடுக்காமல் வெளியே போனாள்.

மூன்று தட்டு இல்லை. வெறும் காற்று. படகில் தண்ணீர் மோதும் சத்தம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். தாயும் குட்டியும் முனகுவதைக் கண்டுபிடிக்கும் காது அது, அவளுக்கு அது ஜலதோஷம் இல்லை என்று தெரிந்தது.

"எண்..." என்றது குரல். "எண்ணு கெடக்கட்டுங்க. நானும் இன்னும் சாப்பிடலை. சோதனை ஒலியை மூணு தடவை கேட்டேன். இல்ல, பொய் சொல்லக் கூடாது, ஏழு தடவை."

நிறுத்தம். அந்தப் பழைய நிறுத்தம்.

"அக்காவுக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன், போயிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகணும். ஞாயித்துக்கிழமை ரயிலு. அது உங்க ஊரு வழியாத்தான் போகுது. மத்தியானம் ஒரு மணிக்கு நிக்கும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இறங்கவா?"

பிறகு பேச்சு இல்லை. ஒரு டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டி அடியில் உரசியது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக, நடுநடுவே கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர் போல. காதும் தன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஒரு வாய், இவள் ஒரு வாய். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே போனது. திமிங்கலம் ஒன்றுமே பேசவில்லை.

தலைவர் எட்டிப் பார்த்தார். "கடைசிப் பதிவு எப்படிம்மா? ஏதாச்சும் கிடைச்சுதா?"

"இல்ல சார். மைக்கைத் தண்ணியில இறக்க மறந்துட்டாரு."

"மறந்துட்டாரா? அவரா? ஏழு வருசத்துல..."

"ஆமா சார்," என்றாள் வாயில் சோற்றோடு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை, போய்விட்டார்.

கை கழுவி வந்து கேட்புத்தாளை எடுத்தாள். இரை, இணை, தாய்–குட்டி, தெரியாது என்று நான்கு கட்டமும் காலியாக அவளைப் பார்த்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள். வெட்டுவதை நிறுத்திய பிறகும் கம்ப்யூட்டர் பழைய வழக்கப்படி நடுவில் அடித்திருந்த 'நீக்கப்பட்டது' என்ற சொல்லை அடித்து, மேலே 'கேட்டேன்' என்று எழுதினாள். தாளின் அடியில் குறிப்பு என்று ஓர் இடம் உண்டு. அதில் எப்போதும் அலுவலகத் தமிழில்தான் எழுத வேண்டும். பழக்கதோஷம், கை அப்படியே எழுதியது: 'இறங்கவும். சாப்பாடு உண்டு.'

கீழே கையெழுத்துப் போட்டாள். இந்த முறையும் கோணலாகத்தான் வந்தது.